அண்ணன் வாங்கினதையே கொடுங்க

காலை ஐந்தரை மணிக்குக் கிளுவை வேலிக்கு அந்தப் பக்கம் செல்ப் சத்தம் கேட்கும். ஒரே ஒரு இழுப்புத்தான். 'கிர்ர்' என்று ஆரம்பித்தது முடிவதற்குள் இஞ்சின் பிடித்துவிடும். நான் கட்டிலில் படுத்தபடியே கேட்டுக்கொண்டிருப்பேன். இன்றைக்காவது பிடிக்காமல் போகட்டும் என்று மனசு வேண்டிக்கொள்ளும். அந்த வேண்டுதலுக்கு எந்தச் சாமியும் காது கொடுத்ததில்லை.

அது என் பெரியப்பா மகனுடைய டிராக்டர். அவர் எனக்கு எட்டு மாதம் மூத்தவர், அதனால் அண்ணன். திருச்செங்கோட்டுக்கும் சங்ககிரிக்கும் நடுவில் எங்கள் தோட்டம். பாகம் பிரித்தபோது நிலத்தின் நடுவே வேலி வந்தது. கிணறு மட்டும் பொது, தண்ணீருக்கு நாள்விட்டு நாள் முறை. நேரில் பார்த்தால் 'வாங்கண்ணா' என்பேன், மனசுக்குள் 'அவன்' என்பேன். இப்போது எழுதும்போது 'அவர்' என்றே எழுதுகிறேன். வயதானதில் மரியாதை வந்திருக்கிறது, காய்ச்சல்தான் இன்னும் விடவில்லை. எங்கள் பக்கம் இதற்குப் பங்காளிக் காய்ச்சல் என்று பெயர். நெற்றியைத் தொட்டுப் பார்த்தால் தெரியாது.

என்னிடமும் அதே டிராக்டர் இருந்தது. எழுபதுகளின் நடுவில், சீமையிலிருந்து வந்த டீசல் டிராக்டருக்கு அவர் எழுதிப் போட்டார் என்று கேள்விப்பட்ட மறுநாளே நானும் எழுதிப் போட்டேன். எனக்கு டிராக்டர் தேவையா என்று நான் யோசிக்கவே இல்லை. இரண்டு ஜோடி எருதுகளை விற்றேன். இரண்டு டிராக்டரும் ஒரே லாரியில் சேலத்துக்கு வந்து இறங்கின. சிவப்பு நிறம், ஒரே அளவு, பக்கத்தில் பக்கத்தில் நின்றன. மூத்தவர் என்று அவரை முதலில் எடுக்கச் சொன்னேன். மரியாதைக்குச் சொன்னதை அவர் நிஜமாக எடுத்துக்கொண்டு இடப்பக்கத்து வண்டியின் மேல் கையை வைத்தார். நல்ல வண்டி அவருக்குப் போய்விட்டது என்று அந்த நிமிடமே எனக்குள் முடிவாகிவிட்டது.

இரண்டு வருடம் இரண்டும் நன்றாகத்தான் உழுதன. பிறகு, வண்டி விற்ற கடை மூடிவிட்டது. இஞ்சின் கியர் பாகங்கள் கெட்டியானவை, அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. வந்த தொந்தரவெல்லாம் கரண்டு சாமான்களில்தான். டைனமோ, செல்ப், வயர், சுவிட்சு என்று எதற்கும் மாற்றுச் சாமான் கிடைக்காது. பம்பாயில் எங்கோ இருப்பதாகச் சொன்னார்கள். அங்கிருந்து வரவழைத்தால் சாமான் விலைக்கு ஒரு கன்றுக்குட்டியை விற்க வேண்டும். யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு அலைந்த கதையாக, அந்த வகை டிராக்டர் வைத்திருந்தவர்கள் எல்லோரும் பஸ் ஏறி ஊர் ஊராக அலைந்தார்கள்.

முதலில் கெட்டது அண்ணன் வண்டிதான். கட்-அவுட் கருகிப்போயிற்று. டைனமோவிலிருந்து பேட்டரிக்குக் கரண்டு போகிற வழியைத் திறந்து மூடுகிற சின்னப் பெட்டி அது. சேதி வந்த அன்று எனக்கு இரண்டு உருண்டை சோறு அதிகமாக இறங்கியது, பொய் சொல்வானேன். அவர் கருகிய பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு சங்ககிரிக்குப் போனார். லாரிப் பட்டறைகளுக்கு நடுவே ஒரு எலக்ட்ரீசியன் கடை. அங்கே பெஞ்சில் உட்கார்ந்து, டீ குடித்து, வருகிற போகிற லாரி டிரைவர்களிடமெல்லாம் பெட்டியை நீட்டி, "இது மாதிரி எந்த வண்டியிலங்க இருக்குது?" என்று கேட்டாராம். பொழுது சாய்வதற்குள் விடை கிடைத்துவிட்டது. உடைப்புக்கு வந்த ஒரு பழைய லாரியின் கட்-அவுட், அதே பன்னிரண்டு வோல்ட், ஏறக்குறைய அதே அளவு. இரண்டு ஓட்டையைப் புதிதாகப் போட்டு மாட்டிவிட்டார். பம்பாய்ச் சாமானின் விலையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

இதற்குப் பிறகுதான் எனக்குக் காய்ச்சல் ஏறியது. அவர் வண்டி கெட்டது, அவருக்குப் பேர் வந்தது. என் வண்டி கெடாமல் ஓடியது, அதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த வகை டிராக்டர் வைத்திருந்தவர்கள் ராசிபுரத்திலிருந்துகூட அவரைத் தேடி வந்து பெட்டியைப் பார்த்துவிட்டுப் போனார்கள். வந்தவர்கள் வழி தெரியாமல் என் வாசலில் நின்று, "அந்தக் கட்-அவுட்டு மாத்துனவரு ஊடு எதுங்க?" என்று கேட்பார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டிக் காட்டியே என் கை வலித்தது.

அந்த வருடம் ஆயுத பூஜைக்கு நான் என் டிராக்டருக்குப் பெயின்ட் அடித்தேன். எங்கள் பக்கத்தில் எல்லோரும் பூஜைக்கு வண்டியைக் கழுவி, சந்தனப் பொட்டு வைத்து, மாலை போடுவார்கள். அதோடு விடுவார்கள். நான் சேலம் போய் நல்ல சிவப்பு பெயின்ட் இரண்டு டப்பா வாங்கி வந்தேன். மேலாகப் பூசுவது எனக்குப் பிடிக்காது. கழற்ற முடிந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழற்றி, அடியிலும் அடித்து, காய்ந்த பிறகு பூட்டி, மேலே இன்னொரு தடவை அடித்தேன். நட்டு, போல்ட்டு, பட்டை எதையும் விடவில்லை. வண்டி நேற்று லாரியிலிருந்து இறங்கியதுபோல இருந்தது. அண்ணன் வண்டி சேறும் எண்ணெயுமாக நின்றது. பூஜைக்கு வந்த சனமெல்லாம் என் வண்டியைச் சுற்றி நின்று, "புது வண்டியாட்டமே இருக்குதுங்க" என்றது. அண்ணனும் வந்து பார்த்து, "சோக்கா இருக்குது தம்பி" என்றார். அந்த ஒரு நாள் எனக்கு உடம்பு சொஸ்தமாக இருந்தது. பிறகு ஒவ்வொரு வருடமும் அடித்தேன்.

பூஜை முடிந்து ஒரு வாரத்தில் என் வண்டியில் சார்ஜ் ஏறவில்லை. விளக்குகள் மின்மினிப் பூச்சி மாதிரி மினுங்கின. அவருக்குக் கட்-அவுட் போயிற்று, ஆகவே எனக்கும் கட்-அவுட்தான் போயிருக்கும் என்று முடிவு செய்தேன். சோதித்துப் பார்க்கிற பழக்கமெல்லாம் எனக்குக் கிடையாது. சங்ககிரி எலக்ட்ரீசியன் கடைக்குப் போனேன். ஒல்லியான மனிதர், காதில் எப்போதும் ஒரு டெஸ்டர் செருகியிருப்பார்.

"உங்க வண்டில என்னங்க கொறை? சார்ஜ் ஏறலீங்களா, இல்ல எச்சா ஏறுதுங்களா?" என்று கேட்டார்.

"அதெல்லாம் எதுக்குங்க? எங்கண்ணன் ஒண்ணு வாங்கிட்டுப் போனாரல்லங்க, அதையே குடுங்க."

"அது அவரு வண்டிக்குச் சரிங்க. உங்களுதப் பாக்கணுமல்லங்க?"

"ரண்டும் ஒரே வண்டிதானுங்க. அவரு வாங்கினதையே குடுங்க" என்றேன்.

அவர் ஒரு மாதிரி பார்த்துவிட்டு எடுத்துக் கொடுத்தார். கொண்டுவந்து, பளபளவென்று பெயின்ட் அடித்திருந்த தகட்டின் மேல் இறுக்கிப் பூட்டினேன். சார்ஜ் ஏறவில்லை. அந்தக் கடைக்காரர் அண்ணனுக்கு நல்லதைக் கொடுத்துவிட்டு எனக்கு ஓட்டைச் சாமானைத் தள்ளிவிட்டார் என்று நினைத்தேன். அப்படி நினைப்பதில் ஒரு சுகம் இருந்தது. வாரத்துக்கு ஒரு தடவை பேட்டரியைத் திருச்செங்கோட்டுக்குத் தூக்கிப் போய்ச் சார்ஜ் போட்டு ஓட்டினேன்.

அடுத்தது சுருள். அந்த டிராக்டரில் குளிர்காலத்துக்கு ஒரு ஏற்பாடு உண்டு. சாவியைத் திருப்பிப் பிடித்தால் இஞ்சினுக்குள் ஹீட்டர்கள் சூடாகும், முன்பலகையில் ஒரு சிறு சுருள் சிவந்து காட்டும். அது சிவந்த பிறகு செல்ப்பைத் தட்ட வேண்டும். மார்கழியில் அண்ணன் வண்டியின் சுருள் அறுந்தது. அவர் எலக்ட்ரிக் அடுப்பின் கம்பியை வாங்கிச் சுற்றிப் போட்டுக்கொண்டார் என்று என் மனைவிதான் கிணற்றடியில் கேட்டுவந்து சொன்னாள். என் சுருள் அறுந்திருக்கவில்லை. ஆனால் சரியாகச் சிவப்பதும் இல்லை, சோகை பிடித்த மாதிரி இருக்கும். என் மனைவிக்கு அவள் அண்ணன் தைப் பொங்கலுக்கு வாங்கிக் கொடுத்த எலக்ட்ரிக் அடுப்பு ஒன்று வீட்டில் இருந்தது. இரண்டு தடவைதான் அதில் பால் காய்ச்சியிருந்தாள். அவள் சந்தைக்குப் போயிருந்த நேரம் பார்த்து அதன் கம்பியில் ஒரு முழத்தைக் கத்தரித்துவிட்டேன்.

சுற்றி மாட்டிச் சாவியைத் திருப்பினேன். சிவந்தது. அப்பா, என்ன சிவப்பு! பிறகு வெள்ளையாகி, ஒரு பொறி விட்டு, அறுந்து என் வேட்டியில் விழுந்தது. அண்ணன் மூன்று இழைகளை முறுக்கி ஒன்றாக்கிச் சுற்றியிருந்தார் என்பது பின்னால் தெரிந்தது. நான் ஒற்றை இழையைப் போட்டிருந்தேன். வேட்டியில் ஓட்டை, அடுப்பு வீண், மனைவி மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள் பேசினாள்.

"ஏனுங்க, உங்கண்ணன ஒருக்கா வந்து பாக்கச் சொன்னா வாய் வெந்தா போயிரும்? அவியதான் அல்லாருக்கும் சொல்லித் தாராங்களே!"

"அல்லாருக்கும் சொல்லித் தர்றவருக்கு, நான் கேட்டாத்தான் சொல்லணுமாக்கும்?"

"நீங்க கேக்காமயே வந்து சொன்னா மட்டும் கேட்டுப்போடுவீங்களா?" என்றாள். எனக்குக் கோபம்தான் வந்தது.

எண்பது பிறந்தபோது செல்ப்பும் படுத்துவிட்டது. சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். வீட்டுக்குப் பின்னால் சரிவாக ஒரு பாறை உண்டு. ராத்திரியில் வண்டியை அதன் உச்சியில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் அணை கொடுத்துவிடுவேன். காலையில் கல்லை எடுத்தால் வண்டி உருளும், பாதிச் சரிவில் கிளட்சை விட்டால் இஞ்சின் பிடிக்கும். பிடித்த இஞ்சினைச் சாயங்காலம்வரை நிறுத்தக்கூடாது. நான் சோறு தின்கிற நேரமும் அது டீசல் குடித்துக்கொண்டு நிற்கும். அண்ணன் ஒரே இழுப்பில் கிளப்பிக்கொண்டு போன பிறகுதான் நான் கல்லை எடுப்பேன். இரண்டு சத்தமும் ஒரே நேரத்தில் கேட்டால் வித்தியாசம் ஊருக்குத் தெரிந்துவிடும் என்று எண்ணம். ஊருக்கு ஏற்கெனவே தெரியும்.

அந்த நாட்களில்தான் ஒரு மத்தியானம் அண்ணன் வேலியோரம் வந்து நின்றார். தண்ணீர் முறை பற்றி ஏதோ பேசிவிட்டு, தொண்டையைச் செருமினார்.

"தம்பி, தப்பா நெனச்சுக்காத. அந்த வண்டி உனக்குத் தொந்தரவாத்தான் இருக்குது. எனக்குக் குடுத்துரு. பிரிச்சு வெச்சுக்கிட்டா என்ற வண்டிக்கு ஸ்பேருக்கு ஆகும். ரண்டையும் வெச்சு ஒண்ண ஓட்டிக்குவேன். நல்ல வெலையாப் போட்டுக் குடுக்கறேன்."

என் வண்டி அவர் வண்டிக்கு ஸ்பேராம். என் காது இரண்டும் சூடாகிவிட்டன. எருதை விற்று, வரிசையில் நின்று, வருடா வருடம் பெயின்ட் அடித்து வைத்திருக்கிற வண்டியைச் சக்கரம் வேறு, இஞ்சின் வேறாகப் பிரித்துத் தன் சாலைக் கொட்டகையில் அடுக்கி வைத்துக்கொள்ளப் போகிறாராம். அவர் வண்டியில் ஏதாவது தேய்ந்தால் என் வண்டியில் ஒரு கையையோ காலையோ எடுத்து மாட்டிக்கொள்வாராம்.

"அது ஓடுமுங்கண்ணா" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். போகும்போது திரும்பி, "எர்த்துச் சரியா இருக்குதான்னு ஒருக்காப் பாரு" என்றார். எர்த் என்பது பேட்டரியிலிருந்து வண்டியின் உடம்புக்கு வருகிற தடித்த பட்டை. கரண்டு திரும்பிப் போகிற வழி அதுதான். அவர் மறைந்த பிறகு குனிந்து பார்த்தேன். பட்டை இருந்தது, போல்ட்டு இருந்தது, இரண்டும் சிவப்பாக மின்னின. இதைவிட நல்ல எர்த் யாரிடம் இருக்கிறது? அவர் சொன்னது தவறு என்பதில் எனக்கு ஒரு திருப்தி. தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து எனக்கு ஒரே குறிதான்: அந்த வண்டி அவர் கையில் ஸ்பேர் ஆகக்கூடாது. எப்படியாவது அது செல்ப்பில் கிளம்ப வேண்டும். செல்ப்பைக் கழற்றி ஒரு பையில் போட்டு, மேலே மரவள்ளிக் கிழங்கைப் பரப்பி மூடி, சங்ககிரி பஸ் ஏறினேன். அண்ணன் வீட்டைத் தாண்டித்தான் தடம் போகிறது. பஸ்ஸில் கண்டக்டர் பையைத் தூக்கப் பார்த்துவிட்டு, "என்னங்க, கெழங்கு இந்தக் கனங் கனக்குது!" என்றார். நல்ல விளைச்சல் என்று சொன்னேன்.

காதில் டெஸ்டர் செருகிய எலக்ட்ரீசியன் செல்ப்பை வைஸில் பிடித்து, ஒரு பேட்டரியிலிருந்து வயரைத் தொட்டார். அது துள்ளிக்கொண்டு சுற்றியது.

"இதுல ஒரு கொறையும் இல்லீங்க. புலியாட்டச் சுத்துது" என்றார். "வண்டியக் கொண்டாங்க. இல்லாட்டி நான் ஒரு நாள் வந்து பாக்கட்டுங்களா?"

அவர் வந்தால் அண்ணன் வீட்டு வழியாகத்தான் வருவார். உள்ளே போய் ஒரு வாய் காப்பி குடிப்பார். என் வண்டியின் குறை அங்கே பேச்சாகும். இவர்தான் அண்ணனுக்குச் சிநேகிதராயிற்றே, என் வண்டி கிளம்பக்கூடாது என்று இரண்டு பேரும் பேசி வைத்திருக்கிறார்களோ என்றுகூட எனக்குத் தோன்றியது. இதை இன்றைக்கு எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. அன்றைக்கு அது சத்தியமாகத் தெரிந்தது.

"வேண்டாமுங்க. எங்கண்ணன் செல்ப்புக்கு என்ன பண்ணினாரு?" என்று கேட்டேன்.

அண்ணன் செய்ததை அவர் ரசித்துச் சொன்னார். கார்பன் பிரஷ் தேய்ந்தபோது, லாரி செல்ப்பின் பிரஷை வாங்கி அரத்தில் தேய்த்து அளவுக்குக் கொண்டுவந்தார். அச்சைத் தாங்குகிற புஷ் தேய்ந்தபோது, பழைய பம்பு ஒன்றின் வெண்கலத் துண்டை லேத்தில் கொடுத்துக் கடைந்துகொண்டார். இரண்டுக்கும் சேர்த்து ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவுதான். அவர் சொல்லச் சொல்ல எனக்கு வயிறு எரிந்தது. அது செலவைப் பற்றிய எரிச்சல் அல்ல. அதைச் சொல்லும்போது அந்த எலக்ட்ரீசியனின் முகம் மலர்ந்ததே, அதுதான். என் பேச்சை எடுத்தால் எங்கேயும் ஒரு முகமும் மலர்ந்ததில்லை.

புலியாகச் சுற்றுகிற செல்ப்புக்கு நானும் பிரஷ் மாற்றச் சொன்னேன், புஷ் மாற்றச் சொன்னேன். மாட்டிப் பார்த்தேன். 'டிக்'. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் பழைய இரும்புக் கடைகளில் இரண்டு நாள் அலைந்து, உடைந்த வேன் ஒன்றின் செல்ப்பை வாங்கினேன். பல் எண்ணிக்கை சரியாக இருந்தது, மூக்கு மட்டும் சிறியது. திருச்செங்கோட்டு லேத்தில் ஒரு வளையம் கடைந்து மாட்டினேன். ஆயுத பூஜை நெருங்கியிருந்ததால் வளையத்துக்கும் அது உட்காருகிற முகப்புக்கும் சேர்த்துச் சிவப்பு அடித்தேன். 'டிக்'. செல்ப்புக்குக் கரண்டைத் தட்டிவிடுகிற சோலனாய்டை மாற்றினேன், வயரைத் தடிமனாகப் போட்டேன். எல்லாமே மலிவாகக் கிடைத்தவை, எல்லாமே மேசை மேல் வைத்தால் சுற்றும். என் வண்டியில் ஏறினால் படுத்துக்கொள்ளும். கழற்றிய பழையவற்றை ஒரு சாக்கில் போட்டு மூலையில் வைத்தேன். இடப்பக்கத்து வண்டியை எடுத்தவருக்கு அதிர்ஷ்டமும் சேர்ந்து போயிருக்கிறது என்று நினைத்தேன்.

அப்புறம் ஓர் ஆடி வந்தது. ராத்திரி நல்ல மழை. ஈரம் நாலு நாள்தான் தாங்கும், அதற்குள் உழுது கடலை போட்டாக வேண்டும். பாறையிலிருந்து வண்டியை உருட்டிக் கிளப்பிக்கொண்டு வயலுக்குப் போனேன். விதைக் கூடையோடு பத்துப் பன்னிரண்டு பெண்கள் வரப்பில் காத்திருந்தார்கள். நடுவயலில், களிமண் பள்ளம் ஒன்றில் கலப்பை இறுக்கிப் பிடித்தது. இஞ்சின் திணறி, குலுங்கி, நின்றது.

சாவியைத் திருப்பினேன். 'டிக்'. மறுபடியும் 'டிக்'. சமதளம், ஈரமண், கலப்பை பூமிக்குள். ஊரே வந்து தள்ளினாலும் அசையாது. பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தார்கள். ஒருத்தி வெற்றிலை எடுத்தாள். நான் இருக்கையிலிருந்து இறங்கவே இல்லை. இறங்கினால் அடுத்து என்ன செய்வது என்று தெரியவில்லை.

என் மனைவி யாரிடமும் கேட்காமல் வேலியின் திட்டிக் கதவைத் திறந்துகொண்டு அந்தப் பக்கம் போனாள். கொஞ்ச நேரத்தில் ஒரே இழுப்பில் அந்தச் சத்தம் கேட்டது. அண்ணன் அழுக்கு வண்டியில் சங்கிலியோடு வந்தார். என் கலப்பையைக் கழற்றிவிட்டு, சங்கிலியைக் கொக்கியில் மாட்டி, இழுத்தார். கிளட்சை விட்டேன், பிடித்தது. அவர் ஒரு வார்த்தை குத்தலாகச் சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். சங்கிலியைச் சுருட்டிக்கொண்டே, "பொழுது சாயறவரைக்கும் நிறுத்திப்போடாத தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். வரப்பில் இருந்த பெண்களில் ஒருத்தி, "பெரியவரு வண்டின்னா வண்டிதான்" என்றாள். என் காதில் விழ வேண்டும் என்று சொன்னதில்லை. விழுந்துவிட்டது.

அன்று சாயங்காலம் விதைப்பு முடிந்ததும் நேராக அவர் வாசலுக்குப் போனேன்.

"எடுத்துக்குங்கண்ணா" என்றேன்.

அவருக்கே ஆச்சரியம். "நெசமாத்தானா? ஊட்டுல கேட்டயா?" என்றார். கேட்டேன் என்று பொய் சொன்னேன். மனசுக்குள் ஓடியது வேறு. தன் மூக்குப் போனாலும் எதிரிக்குச் சகுனத்தடை ஆக வேண்டும் என்பார்களே, அதுதான். இந்தச் சனியன் என்னைப் பிடித்ததுபோல அவரையும் பிடிக்கட்டும். இதிலிருந்து எதை எடுத்துத் தன் வண்டியில் மாட்டினாலும் அதுவும் 'டிக்' என்று படுத்துக்கொள்ளட்டும். அப்போது சங்ககிரியில் முகம் மலர்வதைப் பார்க்கலாம். பழைய சாமான் சாக்கையும் சேர்த்தே கொடுத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து சொன்னபோது என் மனைவி, "எருதும் இல்ல, வண்டியும் இல்ல. இனி உழவுக்கு எங்க போவீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

நாலாம் நாள் காலை அண்ணன் வேலியைத் தாண்டி வந்தார். கையில் எண்ணெய்க் கறை, நகக்கண்ணில் சிவப்பு. முகத்தில் ஒரு சங்கடம்.

"தம்பி, கோவிச்சுக்காம கேளு. பிரிக்கலாம்னுதான் ஆரம்பிச்சேன். என்ற பேட்டரிய வெச்சுப் பாத்தேன், சுத்தல. எர்த்துப் பட்டையக் கழட்டினா அடியில அட்டை கனத்துக்குப் பெயின்ட்டு. செல்ப்பு ஒக்கார்ற எடமெல்லாம் பெயின்ட்டு. கட்-அவுட்டுக்கு அடியில பெயின்ட்டு. பெயின்ட்டுக்குள்ள கரண்டு எப்புடிப் போகும்? கத்தியில சொரண்டிப்போட்டு, சாக்குல இருந்த உன்ற பழைய செல்ப்பையே மாட்டினேன். ஒரே இழுப்பு."

அவர் நகக்கண்ணில் இருந்த சிவப்பையே நான் பார்த்தேன்.

"சார்ஜும் ஏறுது. ஒரு சாமானும் கெட்டுப்போகல. நீ வாங்குனது ஒண்ணுகூட வேண்டியிருக்கல."

என் மனைவி கதவருகில் வந்து நின்றாள். அண்ணன் இடுப்பிலிருந்து சாவியை எடுத்து என் பக்கம் நீட்டினார். "நல்ல வண்டியப் பிரிக்க எனக்கு மனசு வரல. என்ற வண்டியவிட உன்றதுல இஞ்சின் ஒரு பிடி எச்சா இருக்குது. நான் குடுத்த பணத்த நீ முடியறப்பக் குடு. இப்ப ஓட்டிட்டுப் போ."

நல்ல வண்டி அன்றைக்கே என்னிடம்தான் வந்திருக்கிறது. அதைச் சொன்னவரும் அவர்தான். மூன்று வருடம் பாறையில் உருட்டியதற்கும், பைக்கு மேல் கிழங்கு பரப்பியதற்கும், அடுப்பை வெட்டியதற்கும் காரணம் நானே என்று என்னிடம் சொல்ல வந்தவர் ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை. கையை நீட்டினால் சாவி என்னுடையது. ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொரு காலையும் அவர் கொடுத்த சாவியைத்தான் நான் திருப்ப வேண்டும். அவர் அந்த வண்டியை ஓட்டுவதைப் பார்த்து வயிறு எரிவது அதைவிட எனக்குச் சுலபமாகத் தெரிந்தது. எரிவதற்கு எனக்குப் பழக்கம் இருந்தது, நன்றி சொல்வதற்கு இல்லை.

"வித்தது வித்ததுதானுங்கண்ணா" என்றேன்.

"ரோசிச்சுச் சொல்லு தம்பி."

"ரோசிச்சாச்சுங்க."

 அவர் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டார். என் மனைவி கதவருகிலிருந்து உள்ளே போனாள். அன்று முழுவதும் அவள் எனக்குச் சோறு போட்டாள், தண்ணீர் வைத்தாள், முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

அடுத்த ஆடியில் மழை முந்திக்கொண்டது. வாடகைக்கு உழுபவர்களையெல்லாம் தேடிப் பார்த்தேன், திருச்செங்கோடு வரைக்கும் ஒரு வண்டியும் ஓய்வாக இல்லை. இரண்டு நாள் ஈரம் போய்விட்டது. மூன்றாம் நாள் விடிந்ததும் வேலியோரம் போய் நின்றேன். அவரிடம் நான் வாய்விட்டு எதையும் கேட்டது அதுதான் முதல் தடவை.

"அண்ணா, உழவுக்கு வண்டி வேணுமுங்க."

"அதுக்கென்ன தம்பி, வாரேன்" என்றார் உடனே. சாலைக் கொட்டகைக்குள் நாலு எட்டு நடந்தவர், நின்று திரும்பினார். குத்திக் கேட்கவில்லை, அவருக்கு நிஜமாகவே தெரிய வேண்டியிருந்தது. "எதக் கொண்டாரட்டும்? உன்றதா, என்றதா?"

அந்தக் கொட்டகையின் நிழலில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. என் மண்ணுக்கு எது நன்றாக ஆழம் பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். ஈரம் இன்னும் ஒரு நாள்தான் இருந்தது.

"உங்களுதே வரட்டுமுங்க" என்றேன். என் வண்டி அவர் கையில் நன்றாக உழுவதை என் நிலத்தில் நின்று பார்க்க என்னால் ஆகாது.